குதிரையின் காது எந்தப் பக்கம்?

கடிவாளமோ கயிறோ இல்லாத ஒரு வெள்ளைக் குதிரை பின்னங்கால்களில் எழுந்து நிற்கும்போது அரங்கமே அதிர்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் "எப்படிப் பழக்கியிருக்கிறார்கள் பாருங்களேன்" என்று முழங்கையால் இடிக்கிறார். உயர்ந்து நிற்கும் அந்த முன்னங்கால்களில் எனக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. அது எழுவதற்கு அரை நொடி முன்னால் காது எந்தப் பக்கம் இருந்தது என்பதைத்தான் கவனிப்பேன். பழக்குபவர் பக்கம் திரும்பியிருந்தால், கேட்டுச் செய்தது. பிடரியோடு ஒட்டிப் படுத்திருந்தால், எரிச்சலில் செய்தது. கைதட்டல் என்னவோ இரண்டுக்கும் ஒரே அளவுதான்.

கனடாவின் கேல்கரி நகருக்கு வெளியே, ராக்கி மலை அடிவாரத்தில் ஒரு லாயம் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அங்கே போய்ச் சாணி அள்ளுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, உலர்புல் கட்டுகளைப் பிரித்துப் போடுவது என்று என் விடுமுறை கழிகிறது. "இதற்கு ஊரிலேயே மாடு மேய்த்திருக்கலாமே" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த லாயத்தை நடத்தும் பெண்மணி இரண்டு வித்தைகளைக் கற்றுக்கொடுக்கிறார். ஒன்று லிபர்ட்டி. குதிரை மேல் எதுவும் கட்டாமல், தரையில் நின்றபடி உடலசைவாலும் குரலாலும் அதை ஓடவும் திரும்பவும் நிற்கவும் வைப்பது. இன்னொன்று டிரிக் ரைடிங். நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரையின் மேல் நிற்பது, பக்கவாட்டில் தலைகீழாகத் தொங்குவது, குதித்து இறங்கி மறுபடி தாவி ஏறுவது. இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெளிவானது. இவை குதிரையிடம் கேட்பது நேர் எதிரான இரண்டு விஷயங்களை. லிபர்ட்டியில் மனிதரின் சின்ன அசைவைக்கூட குதிரை விடாமல் படிக்க வேண்டும். டிரிக் ரைடிங்கில் மனிதர் மேலே என்ன கூத்தடித்தாலும் அது கண்டுகொள்ளாமல் போக வேண்டும். அதனால் ஒன்றில் நல்ல அடையாளமாக இருப்பது மற்றதில் கெட்ட அடையாளமாக இருக்கக்கூடும்.

முதலில் காது. குதிரையின் இரண்டு காதுகளும் தனித்தனியாகத் திரும்பும். ஒன்று முன்னால் வேலியைப் பார்த்திருக்கும், மற்றது பின்னால் நிற்கும் உங்களைப் பார்த்திருக்கும். காது போகும் திசையில்தான் கவனமும் இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை அழகாகச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு தீவன வாளிகள், நடுவில் ஒரு குதிரைத் தலையின் நிஜ அளவுப் புகைப்படம். படத்தில் இருக்கும் குதிரை எந்த வாளியைப் பார்க்கிறதோ அந்தப் பக்கமே உண்மைக் குதிரைகளும் பெரும்பாலும் போயின. படத்தில் காதை மறைத்தாலோ கண்ணை மறைத்தாலோ அவற்றுக்குத் துப்புக் கிடைக்கவில்லை. 2014-ல் வெளிவந்த ஆய்வு இது. குதிரைகளே ஒன்றின் காதை ஒன்று பார்த்துத்தான் நடந்துகொள்கின்றன என்றால், நாம் பார்ப்பதில் என்ன குறைச்சல்?

காது பின்னால் போனாலே கோபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பின்னால் திரும்பிய காதின் குழிவு உங்களுக்குத் தெரிந்தால் அது கேட்டுக்கொண்டிருக்கிறது. குழிவே தெரியாமல் கழுத்தில் ஒட்டித் தட்டையாகக் கிடந்தால்தான் கோபம். அப்போது மூக்குத் துவாரத்துக்கு மேல் சுருக்கம் விழும், வாயோரம் இறுகும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. காது இரண்டும் பக்கவாட்டில் தொய்ந்து கிடக்கும். நிழலில் ஒரு பின்னங்காலை மடக்கி நிற்கும் குதிரைக்கு அது வெறும் தூக்கம். அரங்கத்தின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில் அப்படி இருந்தால் விசாரிக்க வேண்டிய சங்கதி. களைப்பாக இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம்.

லிபர்ட்டியில் பல குதிரைகள் சேர்ந்து ஓடும்போது இன்னொரு குழப்பம் வரும். தோளோடு தோள் உரசி வரிசையாக வரும் குதிரைகளில் ஒன்று காதைப் படுக்கவைத்துப் பல்லைக் காட்டும். "பாவம், அந்தக் குதிரைக்குப் பழக்குபவரைப் பிடிக்கவில்லை" என்று பார்வையாளர் முடிவு கட்டிவிடுவார். அதன் கழுத்து எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கத்துக் குதிரையைத்தான் "தள்ளிப் போ" என்று சொல்லிக்கொண்டிருக்கும். மந்தையில் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்ற கணக்கு மேடைக்கு வந்ததும் அழிந்துவிடாது. எங்கள் லாயத்தில் வயசான பெட்டைக் குதிரை ஒன்று உண்டு. அதற்கு வலப்பக்கம் எந்தக் குதிரையை நிறுத்துவது, இடப்பக்கம் எதை நிறுத்துவது என்பது கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரை உட்காரவைக்கும் கவலைக்குக் குறைந்ததில்லை.

இந்தக் கலையில் என் மனசுக்கு நெருக்கமானவர் பிரான்ஸைச் சேர்ந்த ஃபிரெடெரிக் பின்யோன். கியூபெக்கில் 2003-ல் தொடங்கிய கவாலியா என்ற பெரிய குதிரை நிகழ்ச்சியில் அவரும் அவர் மனைவி மகலி டெல்காடோவும்தான் ஆரம்ப ஆண்டுகளின் நட்சத்திரங்கள். டெம்ப்லாடோ, ஃபாஸ்டோ, ஏடெஸ் என்ற மூன்று பொலிக்குதிரைகளை, அதாவது காயடிக்காத ஆண் குதிரைகளை, எந்தக் கட்டும் இல்லாமல் ஒன்றாக மேடையில் விடுவார். பொலிக்குதிரைகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும், வயிற்றைக் கலக்கும். அந்தப் பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். குதிரைகள் ஒன்றையொன்று கழுத்தில் கவ்வுகின்றன, எழும்பி மோதுகின்றன. ஆனால் காது ஒரே நிலையில் நிற்பதில்லை, முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கவ்வும் வாயில் இறுக்கம் இல்லை. இப்போது துரத்துகிற குதிரை அடுத்த நிமிடம் துரத்தப்படுகிறது. விளையாட்டுக்கும் சண்டைக்கும் இதுதான் வித்தியாசம். சண்டையில் காது படுத்தால் படுத்ததுதான், முறை மாறாது.

இன்னொன்றும் பின்யோனிடம் பிடிக்கும். குதிரை சொன்னதைச் செய்யாமல் வேறு பக்கம் போனால் அவர் முகம் மாறாது. சிரிப்பார், சில நேரம் அதன் பின்னாலேயே போவார். லிபர்ட்டி நிகழ்ச்சியில் எல்லாக் குதிரைகளும் சொன்ன நொடியில் ஒன்றுபோலத் திரும்பினால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் தட்டும். ஒரு குதிரையாவது மூக்கைத் தரையில் வைத்து மணலை மோந்து பார்த்துவிட்டு, சாவகாசமாக வந்து சேர்ந்தால் நிம்மதியாக இருக்கும். மாட்டேன் என்று சொல்ல அதற்கு அங்கே இடம் இருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொன்னால் லாயத்துக்காரப் பெண்மணி ஒத்துக்கொள்ள மாட்டார். ஒழுங்காகப் பழகிய குதிரை ஒழுங்காகத்தான் திரும்பும் என்பது அவர் கட்சி.

இனி லிபர்ட்டியின் சூட்சுமம். குதிரையின் தோளுக்குச் சற்றுப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்பக்கம், புட்டத்தை நோக்கி நீங்கள் ஓர் அடி வைத்தால் குதிரை முன்னே போகும். கோட்டுக்கு முன்பக்கம், தோளை மறிப்பதுபோல ஓர் அடி வைத்தால் நிற்கும், அல்லது திரும்பும். கையில் இருக்கும் நீளச் சாட்டை பெரும்பாலும் அடிப்பதற்கில்லை, கை எட்டாத தூரத்தைத் தொட்டுக் காட்டுவதற்கு. தேர்ந்தவர்களுக்கு அடி வைக்கக்கூடத் தேவைப்படாது. மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்தினாலே குதிரை வேகத்தைக் குறைத்துவிடும். சொன்னதைக் குதிரை செய்த அந்தக் கணமே மனிதர் பின்வாங்க வேண்டும். அந்தப் பின்வாங்கல்தான் அதற்குக் கிடைக்கும் முதல் கூலி. கேரட் எல்லாம் அப்புறம்.

குதிரை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு பெர்லினின் புகழ்பெற்ற ஹான்ஸ் குதிரையின் கதை தெரிந்திருக்கும். கூட்டல், கழித்தல் கணக்கைக் கேட்டால் காலால் தட்டி விடை சொன்ன குதிரை. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்டவர் குதிரையின் காலைப் பார்க்கச் சற்றே குனிந்ததும் அது தட்டத் தொடங்கும். சரியான எண் வந்ததும் அவர் தலை தன்னையறியாமல் ஒரு நூலிழை நிமிரும், அது நிறுத்திவிடும். தலையை அசைக்கக் கூடாது என்று தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் அசைவை முழுதாக அடக்க முடியவில்லை. குதிரைக்குக் கணக்கு வராது என்று நிரூபிக்கப்போய், குதிரை நம்மைவிட நன்றாக ஆளைப் படிக்கும் என்று நிரூபித்த ஆய்வு அது.

லிபர்ட்டிக்காரர்கள் சிலர் இதை ஒரு மந்திர உறவாக்கிப் பேசுவார்கள். வட்டப் பட்டியில் துரத்திவிட்டுப் பின்வாங்கியதும் குதிரை தானாக வந்து தோளருகே நிற்கும், அது உங்களைத் தலைவராக ஏற்றுக்கொண்டுவிட்டது என்பார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் இதற்கு ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். மனிதருக்குப் பதில் ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை வட்டப் பட்டிக்குள் விட்டு, அதே முறையில் நெருக்கியும் விலகியும் ஓட்டினார்கள். குதிரைகள் அந்தக் காரின் பின்னாலும் போகப் பழகிவிட்டன. பொம்மைக் காரைத் தலைவராக யாராவது ஏற்பார்களா? நெருக்கடி விலகும் இடம் எதுவோ அங்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதேபோல, குதிரை நாக்கை நீட்டி வாயை மெல்லுவதைப் பணிவின் அடையாளம் என்று சொல்லி வந்தார்கள். அது பதற்றம் தணிந்து உடல் இளகும்போது வருவது என்பது பின்னால் வந்த கவனிப்பு. ஆகவே ஒரு குதிரை அரங்கில் அடிக்கடி வாயை மென்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், அதற்கு இவ்வளவு நேரம் எதனால் பதற்றம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டிரிக் ரைடிங்குக்கு வருவோம். 1768-ல் லண்டனில் குதிரைப்படையிலிருந்து வந்த பிலிப் ஆஸ்ட்லி சவாரி வித்தைகளைக் காட்டத் தொடங்கினார். குதிரையை வட்டத்தில் ஓடவிட்டால் அதன் முதுகில் நிற்பது எளிது என்பதைப் பயன்படுத்திக்கொண்டவர். அவர் கடைசியில் வந்து சேர்ந்த 42 அடி விட்டம்தான், அதாவது சுமார் 13 மீட்டர், இன்றைக்கும் சர்க்கஸ் வளையத்தின் அளவு. அமெரிக்க மாட்டிடையர்களின் வித்தைப் போட்டிகளான ரோடியோக்களில் இன்று பார்க்கும் தொங்கும் வித்தைகளுக்கு வேறு ஒரு வேர் உண்டு. அமெரிக்க மேற்குப்பகுதி வாழ்க்கையைக் காட்சியாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோன பஃபலோ பில்லின் குழுவில் 1892-ல் லண்டனில் வந்து சேர்ந்த சவாரிக்காரர்களைக் கோசாக்குகள், அதாவது ரஷ்யப் பேரரசின் பேர்பெற்ற குதிரைவீரர்கள், என்று விளம்பரப்படுத்தினார்கள். உண்மையில் அவர்கள் ஜார்ஜியா நாட்டின் குரியா பகுதிக்காரர்கள். நின்றும் தொங்கியும் அவர்கள் செய்த வித்தைகளைப் பார்த்து அமெரிக்க மாட்டிடையர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தொங்கும் வித்தை குதிரையின் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் உடம்பு சிலிர்க்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அதற்குக் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும். மூக்குக்கு நேர் கீழும் வாலுக்கு நேர் பின்னும்தான் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது விலாவில் ஏதோ ஒன்று பற்றித் தொங்கிப் பின்னங்கால் பக்கம் ஆடுகிறது. அதன் முன்னோர்களுக்கு அப்படித் தொங்கியது சிறுத்தையோ சிங்கமோதான். உதைக்க வேண்டும், துள்ள வேண்டும் என்று உடம்பில் எழுதியிருப்பதை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கவைத்த பிறகே ஒருவர் அங்கே தொங்க முடியும்.

எங்கள் லாயத்தில் அதை நிதானமாகச் செய்வார்கள். பழைய ஜீன்ஸுக்குள் உலர்புல்லைத் திணித்துச் சேணத்தில் கட்டித் தொங்கவிட்டு முதலில் நின்ற இடத்தில் பழக்குவார்கள், பிறகு நடையில். ஒரு பழுப்புப் பெட்டைக் குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பொம்மையின் கால் விலாவில் உரசியதும் ஈ உட்கார்ந்தால் சிலிர்க்குமே, அப்படித் தோல் மட்டும் துடித்தது. தலை உயர்ந்தது, மூச்சு நின்றது. வால் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டது. யாரும் எதுவும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டது, வால் தளர்ந்தது. அதற்கு அப்புறம்தான் ஓர் அடி நடக்கச் சொன்னார்கள். பொம்மைக்குப் பதில் மனிதப் பெண் தொங்கும் நாள் வர மாதங்கள் ஆயின.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பாடம் சொல்லிக்கொடுக்கும் நல்ல குதிரைகளுக்கு ஒரு தங்கமான குணம். மேலே இருப்பவர் ஒரு பக்கம் சரிந்தால், தானும் அந்தப் பக்கம் நகர்ந்து அவருக்கு அடியில் வந்துவிடும். வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். குழந்தைகளை ஏற்ற அதைவிடப் பாதுகாப்பு வேண்டாம். டிரிக் ரைடிங்கில் அந்தக் குணமே ஆபத்து. ஓடும் பஸ்ஸின் படிக்கட்டில் நாலு பேர் தொங்கினாலும் டிரைவர் ஸ்டியரிங்கை ஆட்டாமல் போவதுபோல அது நேராக, ஒரே வேகத்தில் போக வேண்டும். லிபர்ட்டியில் கெட்டிக்காரக் குதிரை என்று பெயர் வாங்கிய ஒன்றை இங்கே கொண்டுவந்தால், மேலே நடக்கும் ஒவ்வோர் அசைவுக்கும் அர்த்தம் தேடித் திணறிவிடும்.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியது வேறு. உள்பக்கக் காது சவாரிக்காரர் மேல் லேசாக இருக்கலாம், வெளிப்பக்கக் காது வழியின் மேல் இருக்க வேண்டும். இரண்டு காதும் தொங்குபவர் மேலேயே பதிந்திருந்தால் குதிரை வழியைக் கவனிக்கவில்லை. இரண்டும் விறைத்து முன்னால் நின்றால் அது வாசலை மட்டுமே பார்க்கிறது, மேலே ஆள் இருப்பதையே மறந்து ஓடுகிறது. அப்புறம் தாளம். கேன்டர் என்ற நிதானமான பாய்ச்சலில் மூன்று தட்டு, பிறகு ஒரு நொடிப்பொழுது நாலு காலும் காற்றில். தாவி ஏறுகிறவர்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். கண்ணை மூடிக் குளம்பொலியைக் கேளுங்கள். தொங்கும்போதும் நிற்கும்போதும் தாளம் ஒன்றாகவே இருந்தால் குதிரைக்கு வேலை பிடித்திருக்கிறது என்றுகூட நான் சொல்ல மாட்டேன், பயமில்லை என்று மட்டும் சொல்வேன்.

வலியைக் கண்டுபிடிக்க இப்போது நல்ல கருவிகள் வந்துவிட்டன. 2014-ல் வந்த ஒரு முறை முகத்தில் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: பின்னால் விறைத்த காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேலான இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் முகவாயும், விறைத்த மூக்குத் துவாரம். சூ டைசன் என்ற இங்கிலாந்து கால்நடை மருத்துவர் 2018-ல் சவாரிக் குதிரைகளுக்கென்று 24 நடத்தைகளைப் பட்டியல் போட்டார். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் தசை, எலும்பு வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கண்டது. காது ஐந்து நொடிக்கு மேல் பின்னால் இருப்பது அதில் ஒன்று. வாலை ஓயாமல் வீசுவது, பற்கள் விலக வாயைத் திறந்து திறந்து மூடுவது, முறைத்த பார்வை இப்படிப் போகிறது பட்டியல். ஆனால் அது சாதாரணச் சவாரியை வைத்துச் செய்தது. விலாவில் ஆள் தொங்கும்போது காது ஐந்து நொடி பின்னால் போனதற்கெல்லாம் வலி என்று முத்திரை குத்த முடியாது. ஆள் நிமிர்ந்து சேணத்தில் உட்கார்ந்த பிறகும் அந்தக் காது திரும்பி வராவிட்டால் அப்போது பட்டியலை எடுக்கலாம்.

நான் ஈரோட்டுப் பக்கம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில்தான் முதன்முதலில் இத்தனை குதிரைகளை ஒன்றாகப் பார்த்தேன். அங்கே வரும் கத்தியவார், மார்வாரி இனங்களுக்குக் காது உள்பக்கம் வளைந்திருக்கும், நிமிர்த்தினால் இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடும். வாங்க வந்த பெரியவர்கள் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொல்வார்கள், உடம்பைத் தடவிச் சுழி பார்ப்பார்கள். சுழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அப்படித் தடவும்போது குதிரை காதை என்ன செய்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்ட ஒரு கிழவரை மறக்க முடியாது. மேளத்துக்குக் கால் தூக்கி ஆடும் குதிரைகளை ஊர்த் திருவிழாக்களில் எல்லாரும் பார்த்திருப்போம். அங்கேயும் காலை விட்டுவிட்டு வாயைப் பாருங்கள். சில குதிரைகள் வாயை மூடியபடி, கழுத்து இளகி ஆடும். சில, கடிவாளத்தின் இரும்பிலிருந்து தப்பிக்க வாயைப் பிளந்தபடியே ஆடும், நுரை தெறிக்கும். கால் இரண்டுக்கும் ஒரே அழகாகத்தான் விழும். "குதிரை குணமறிந்தல்லவோ தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்று பழமொழி சொல்லிச் சிரிப்பார்கள். கொம்பு இல்லாததால் அது மறுப்பை வாயாலும் காதாலும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேல்கரி ஸ்டாம்பீட் என்ற ரோடியோ விழா மாதிரி பெரிய நிகழ்ச்சிக்குப் போவதாக இருந்தால் எங்கே உட்காருவது என்று நண்பர்கள் கேட்பார்கள். டிரிக் ரைடிங்குக்கு நடுவில் உட்கார வேண்டாம், ஓட்டம் முடியும் முனையில் உட்காருங்கள். நடுவில் எல்லாம் மின்னலாகப் போய்விடும், காது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முனையில் குதிரை வேகத்தைக் குறைக்கும். தலையை மேலே வீசி வாயைப் பிளந்து நிற்கிறதா, அல்லது பின்னங்காலை அடியில் வாங்கிப் பதமாக நிற்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். லிபர்ட்டிக்கு முன்வரிசை. முடிந்தால் பழக்குபவர் உள்ளே வரும் வாசலுக்கு எதிரே. செல்போனில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் சட்டென்று மாறினால் குதிரைக் கண் பழக நம்மைவிட நேரம் எடுக்கும். கூட வந்தவர்கள் எல்லாரும் எழுந்து கைதட்டும்போது உட்கார்ந்தே இருந்தால் திட்டுவார்கள், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.